ஓர்ஸ் ஹில்லும் உவர்மலையும்: ஆங்கில உச்சரிப்பும் வர்க்க மதிப்பீடும்

திருகோணமலை நகரில் உட்துறைமுகத்தை அடுத்து உயர்ந்து நிற்கும் குடியிருப்புப் பகுதி ஒன்று இரண்டு பெயர்களால் வழங்குகின்றது. ஆங்கிலத்தில் எழுதும்போது அது ஓர்ஸ் ஹில்; தமிழில் எழுதும்போது அது உவர்மலை. இவ்விரு பெயர்களுக்கும் பொருளளவில் எவ்வித தொடர்பும் இல்லை. முன்னையது ஓர் என்னும் ஐரோப்பியக் குடும்பப் பெயரைத் தாங்கியது. பின்னையது உப்பின் சுவையைத் தாங்கியது. ஒலியளவில் மட்டுமே அவை உறவுடையன. கடலோரத்து மேடொன்றுக்கு உவர் என்னும் சொல் வெகு இயல்பாகப் பொருந்திவிடுவதால், அப்பெயரைக் கேட்கும் தமிழர் எவரும் அதனருகே ஓர் ஆங்கிலப் பெயர் நிற்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆயினும் ஓர்ஸ் ஹில் என்ற பெயரை ஆங்கிலமாகவே சொல்ல முற்படும்போது நிலைமை மாறிவிடுகின்றது. அப்பெயரில் மூன்று ஒலிகள் தமிழ் நாவுக்குச் சோதனையாக அமைந்துள்ளன. ஓர் என்பதன் ஈற்றிலுள்ள ரகரத்தை ஒலிப்பதா விடுவதா என்பது ஒன்று. அதனையடுத்து வருவது ஆங்கிலத்தில் அதிர்வுடன் ஒலிக்கும் ஓர் ஒலி. தமிழிலும் சிங்களத்திலும் அது இல்லை. மூன்றாவது ஹகரம், தமிழின் நெடுங்கணக்கில் அதற்கு இடமில்லை, விரைந்த பேச்சில் ஓர்சில் என அது கரைந்து போகக்கூடியது. இவ்விரு சொற்களை ஒருவர் சொல்லக் கேட்ட அளவிலேயே அவர் எத்தகைய பாடசாலையிற் பயின்றார், அவருடைய வீட்டில் எம்மொழி பேசப்பட்டது என்பனவற்றை ஊகித்துவிடலாமென நம்புவோர் நம்மிடையே உளர். அவர்தம் ஊகம் பல வேளைகளிற் சரியாகவும் அமையலாம். ஆனால் ஊகம் சரியாக அமைவது வேறு. அதன்வழிப் பிறக்கும் மதிப்பீடு நியாயமானதாக இருப்பது வேறு. முன்னது பின்னதற்குச் சான்றாகாது.

ஓர் உச்சரிப்பு உயர்ந்தது எனவும் பிறிதொன்று தாழ்ந்தது எனவும் கொள்ளப்படுவது அவ்வொலியின் இயல்பால் அன்று. அதனை ஒலிப்பவரின் சமுதாய நிலையால் ஆகும். இக்கூற்று மொழியியல் மாணவருக்குப் புதியதன்று. எனினும் பல்கலைக்கழக வளவுக்குள்ளேயே ஆங்கில உச்சரிப்பு இன்றுவரை நகைப்புக்கும் நாணத்துக்கும் காரணமாக இருந்துவருவதால், ஓர்ஸ் ஹில் என்னும் அப்பெயரையே உரைகல்லாகக் கொண்டு இதனை மீண்டும் ஆராய்தல் பயனுடையது.

முதலிலே ரகரத்தை எடுத்துக்கொள்ளலாம். ஓர் என்னும் குடும்பப்பெயர் ஸ்கொத்லாந்திலும் வட அயர்லாந்திலும் பெருவழக்குடையது. ஸ்கொத்லாந்தியர் அதன் ஈற்று ரகரத்தைத் தெளிவாகவே ஒலிப்பர். தென் இங்கிலாந்தின் கற்றோரோ அதனை விட்டுவிட்டு வெறும் ஓகாரமாகவே மொழிவர். எனவே ஓர் எனத் தெளிவாகச் சொல்லும் திருகோணமலைத் தமிழர், இலண்டன் கனவானைவிட அப்பெயருக்கு உரியவர்களின் உச்சரிப்புக்கே அண்மையில் நிற்கின்றார். இருப்பினும் நம் நாட்டின் ஆங்கில மேட்டுக்குடியினர் செவியில் இலண்டன் ஒலிப்பே நாகரிகமாகவும் தமிழர் ஒலிப்பு நாட்டுப்புறமாகவும் படுகின்றது.

இங்கிலாந்திலேயே இவ்வொலியின் வரலாறு சுவை மிக்கது. ஜோன் வாக்கர் 1791இல் வெளியிட்ட உச்சரிப்பு அகராதியில், இலண்டன் மாநகரில் ரகரம் வலுவிழந்து ஒலிப்பதைக் குறித்துள்ளார். ரகரத்தை நீக்கி ஒலித்தாலன்றி இயையாத சொற்களை ஓரடியிறுதியிலும் மற்றோரடியிறுதியிலும் வைத்துக் கீற்ஸ் போன்ற கவிஞர்கள் பாடியபோது, அத்தகைய இயைபுகள் இலண்டன் கீழ்மக்கள் வழக்கெனப் 19ஆம் நூற்றாண்டில் இகழப்பட்டன. ஆனால் அதே வழக்கு காலப்போக்கில் உயர்குடிப் பள்ளிகளையும் ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் மண்டபங்களையும் சென்றடைந்தது. அதன் பின்னர் ரகரத்தை விடுவதே உயர்வாயிற்று; ஒலிப்பது உழவன் பேச்சாயிற்று. ஒலி மாறவில்லை; ஒலித்தோர் மாறினர்; மதிப்பும் மாறிற்று.

அத்திலாந்திக் கடலுக்கு அப்பால் இம்மதிப்பு தலைகீழாகியது. அமெரிக்க மொழியியலாளரான வில்லியம் லபோவ் நியூயோர்க் நகரின் மூன்று பெரும் விற்பனை நிலையங்களில் நடத்திய ஆய்வு 1966இல் வெளிவந்த அவரது நூலில் இடம்பெற்றுள்ளது. செல்வர்கள் நாடும் சாக்ஸ், நடுத்தரத்தார் நாடும் மேசீஸ், வறியோர் நாடும் எஸ். கிளைன் என்னும் நிலையங்களின் ஊழியரிடம், நான்காம் மாடி என்ற விடையை வருவிக்கும் கேள்வியொன்றை அவர் கேட்டார். அவ்விடைக்குரிய இரண்டு ஆங்கிலச் சொற்களிலும் ரகரம் உண்டு. சாக்ஸ் ஊழியர் அதனைக் கூடுதலாக ஒலித்தனர். கிளைன் ஊழியர் மிகக் குறைவாக ஒலித்தனர். ஆக, இலண்டனில் எந்த ரகரத்தை விடுவது உயர்வோ நியூயோர்க்கில் அதே ரகரத்தை ஒலிப்பது உயர்வு. ஒலியிலேயே உயர்வு குடியிருக்குமாயின் கடலைக் கடந்ததும் அது குணம் மாறுதல் எங்ஙனம் கூடும்?

ஹகரத்தின் கதையும் இத்தகையதே. இங்கிலாந்தில் சொன்முதல் ஹகரத்தை விடுவோர் தொழிலாளர், சந்தைக்காரர், கல்லாதவர் என்று கடந்த இரு நூற்றாண்டுகளாக ஏளனம் செய்யப்பட்டு வந்துள்ளனர். ஹில் என்பதனை இல் என மொழியும் இலண்டன் கூலியாளும் திருகோணமலைத் துறைமுகக் கூலியாளும் இதனால் ஒரே வரிசையில் நிறுத்தப்படுகின்றனர். முன்னவருக்கு அது தம் வட்டார வழக்கு. பின்னவருக்கு அது தம் தாய்மொழியின் ஒலியமைப்பு. காரணங்கள் வேறு, தண்டனை ஒன்று. அதேவேளை மரியாதை, நேர்மை, மணித்தியாலம், மரபுரிமையாளன் ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் எழுத்தில் உள்ள முதல் ஹகரத்தை விடாமல் ஒலிப்பவரே அங்கே கல்லாதவராகின்றார். பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த அச்சொற்களில் ஹகரத்தை விடுதல் கனவான்களின் வழக்காக நிலைபெற்றுவிட்டதே இதற்குக் காரணம். கனவான் விட்டால் இலக்கணம், கூலியாள் விட்டால் குற்றம் என்பதன்றி இதில் வேறு விதி எதுவும் புலப்படவில்லை.

இங்கிலாந்தின் இவ்வுள்வீட்டு வழக்கு இலங்கைக்கு வந்து சேர்ந்த வழி ஆராயத்தக்கது. டானியல் ஜோன்ஸ் என்னும் ஒலியியலாளர் 1917இல் வெளியிட்ட ஆங்கில உச்சரிப்பு அகராதியில் தாம் பதிவுசெய்யும் உச்சரிப்பு யாருடையது என்பதை மறைக்கவில்லை. தென் இங்கிலாந்தில், ஆடவர் பெரும் விடுதிப் பள்ளிகளிற் கல்வி கற்ற குடும்பங்களின் பேச்சே அதுவென அவர் வெளிப்படையாகக் கூறி, அப்பள்ளிகளின் பெயராலேயே அதனைச் சுட்டினார். 1926ஆம் ஆண்டுப் பதிப்பில் அப்பெயர் நீங்கி, ஏற்றுக்கொள்ளப்பட்ட உச்சரிப்பு என்னும் பொருள்படும் தொடர் இடம்பிடித்தது. யார் ஏற்றுக்கொண்டனர் என்னும் வினா அத்தொடரில் மறைந்துபோயிற்று. ஒரு வர்க்கத்தின் பேச்சு, அவ்வர்க்கத்தின் பெயரை உதறிவிட்டுப் பொதுவான சரியாக மாறிய கணம் அதுவே எனலாம். அதே ஜோன்ஸ், எச். எஸ். பெரேராவுடன் இணைந்து 1919இல் பேச்சுச் சிங்கள வாசகம் ஒன்றை ஒலியெழுத்தில் வெளியிட்டார் என்பதும் ஈண்டு மனங்கொளத்தக்கது. சிங்களப் பேச்சை உயர்வு தாழ்வு கற்பியாது உள்ளவாறு பதிவுசெய்யும் அறிவியல் நோக்கு அவரிடம் இருந்தது. அவருடைய அகராதியைக் கையிலெடுத்த ஆசிரியர்களுக்கு அந்நோக்கு வாய்க்கவில்லை.

பிரித்தானியர் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைக் கைப்பற்றியது 1795இல். அங்கிருந்த கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தது 1957இல். இவ்விடைப்பட்ட நீண்ட காலத்தில் ஆங்கிலம் துறைமுகத்தின் ஆணைமொழியாகவும் அலுவலகத்தின் ஊதியமொழியாகவும் இருந்தது. அதனைக் கற்கும் வாய்ப்போ பணத்தோடு பிணைக்கப்பட்டிருந்தது. தாய்மொழிப் பாடசாலைகளிற் கட்டணமில்லை. ஆங்கிலப் பாடசாலைகளிற் கட்டணம் உண்டு. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வரும்வரை இந்நிலை நீடித்தது. எனவே ஒருவர் ஆங்கிலத்தை எங்ஙனம் உச்சரிக்கின்றார் என்பது அவர் குடும்பம் செலுத்திய கட்டணத்தின் எதிரொலியாகவே இருந்தது. செவிக்கு இனிமை என்று போற்றப்பட்டது உண்மையில் பணப்பையின் ஓசையே.

ஆயினும் ஆங்கிலேயரைப் போலவே பேசியவரும் இங்கு நிம்மதியாக இருந்தாரல்லர். இலங்கையில் வழங்கும் ஆங்கிலத்தை ஆராய்ந்த எச். ஏ. பாசே 1940களிலேயே இதனை அவதானித்துள்ளார். இங்கிலாந்து சென்று பயிலும் வசதி படைத்தோர் வெறுக்கப்பட்டனர். முயன்று அவ்வுச்சரிப்பைப் பழகிக்கொண்டோர் தம்மினும் மேலாரைப் போலி செய்வோர் என எள்ளப்பட்டனர் என்பது அவரது கருத்தின் சாரம். குறைந்தாற் கல்லாமை, மிகுந்தாற் பாசாங்கு. இவ்விரண்டுக்குமிடையே உள்ள ஒடுங்கிய பாதையிலே பிறப்பால் நிற்பவர் மட்டுமே தடுமாறாது நடந்தனர். முயற்சியால் அடைய முடியாதவாறு எல்லை இடப்படும்போது அதனைக் கல்வி என்பதிலும் சாதி என்பதே பொருந்தும்.

1956இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. 1960இலிருந்து பல்கலைக்கழகக் கலைப்பீடத்திற் சிங்களமும் தமிழும் பயிற்று மொழிகளாயின. கிராமப்புற மாணவர் பெருந்தொகையாகப் பேராதனைக்கு வந்தனர். ஆங்கிலம் இறந்துவிடவில்லை, அது முன்னையிலும் கூர்மையாயிற்று. சிங்கள மாணவர் அதனைக் கடுவ என்றனர். வாள் என்பது அதன் பொருள். பேராதனைப் பேராசிரியராக விளங்கிய திரு கந்தையா 1984இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் இச்சொல்லையே தலைப்பாகக் கொண்டு, ஆங்கிலம் இந்நாட்டில் அதிகாரத்தின் ஆயுதமாக இயங்குமாற்றை விளக்கினார். வாளின் கூர் எங்கே இருக்கின்றது என்று நோக்குமிடத்து, அது சொல்வளத்திலோ இலக்கணத்திலோ இருப்பதிலும் பெரிதும் உச்சரிப்பிலேயே இருப்பது தெரியவரும். இலக்கணப் பிழையை நூலைக் கொண்டு திருத்திக்கொள்ளலாம். உச்சரிப்போ வாய் திறந்ததும் வெளிப்பட்டுவிடும்.

அவ்வாறு வெளிப்படுவனவற்றுள் மூன்றினை எடுத்துக்காட்டலாம். முதலாவது, இல்லை என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலும் பானையைக் குறிக்கும் சொல்லிலும் வரும் விரிந்த ஒகரம். சிங்களத்திலும் தமிழிலும் அதற்குச் சரியான இணை இல்லாமையால், பாடசாலையில் மட்டும் ஆங்கிலம் கற்றோர் அதனைத் தம் மொழியின் ஒகரமாகவே ஒலிப்பர். வீட்டிலே ஆங்கிலம் பேசி வளர்ந்தோர் இதற்கு நொட்–பொட் ஆங்கிலம் எனப் பெயர் சூட்டினர். மணிக் குணசேகர 2005இல் இலங்கை ஆங்கிலம் பற்றி எழுதிய நூலில் இவ்வழக்கு வர்க்க அடையாளமாகப் பயன்படுவதை ஆராய்ந்துள்ளார். இரண்டாவது, பாடசாலையைக் குறிக்கும் சொல்லை இஸ்கூல் என்றும் நிலையத்தைக் குறிக்கும் சொல்லை இஸ்டேசன் என்றும் இகரம் முன்வர மொழிதல். மூன்றாவது, உயிரில் தொடங்கும் சொற்களின் முன் யகரமோ வகரமோ தோன்ற, எம் என்னும் எழுத்தை யெம் என்றும் ஒன்லி என்பதனை வொன்லி என்றும் மொழிதல். இம்மூன்றாவது குறிப்பாகத் தமிழருக்கே உரியதாகச் சுட்டப்படுகின்றது.

இவற்றை அறியாமை என்பவர் தமிழ் இலக்கணத்தைச் சற்றே புரட்டிப் பார்த்தல் வேண்டும். வடசொற்களைத் தமிழில் வழங்கும்போது வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தால் அமைத்தல் வேண்டுமெனத் தொல்காப்பியர் எச்சவியலில் விதித்தார். ரகர லகரங்கள் தமிழிற் சொன்முதலாகா என்பதனால் அவற்றின் முன் உயிரெழுத்தொன்று வரும் முறையை நன்னூலார் பதவியலில் வகுத்தார். இராமன், உலோகம், அரங்கன் என்பன அவ்விதியின் விளைவுகள். இராமனுக்கு முன்னின்ற இகரமும் இஸ்கூலுக்கு முன்னின்ற இகரமும் ஒரே செயலைச் செய்கின்றன: தாய்மொழிக்கு இயலாத தொடக்கத்தை இயலச் செய்கின்றன. முன்னதை மரபென்று தேர்வுத்தாளில் எழுதி மதிப்பெண் பெறும் மாணவரே பின்னதைக் கேட்டு நகைப்பது விந்தையன்றோ?

உலகமொழிகளும் இதற்குச் சான்று பகர்கின்றன. இலத்தீனில் சகரமெய்யோடு தொடங்கிய பாடசாலைப் பெயர் ஸ்பானிய மொழியிலும் போர்த்துக்கேயத்திலும் எகரம் முன்பெற்றே வழங்குகின்றது. சிங்களத்தின் இஸ்கோலய என்பதும் அவ்வழி வந்ததே. இன்னும் ஒரு படி மேலே செல்லலாம். இலங்கையின் ஆங்கில மேட்டுக்குடியினர் எச்சொல்லாற் செல்வமும் செல்வாக்கும் பெற்றனரோ அந்த எஸ்டேட் என்னும் சொல்லே இலத்தீனில் எகரமின்றித் தொடங்கியது. பழைய பிரெஞ்சுக்காரர் நாவில் எகரம் பெற்று, அவ்வாறே ஆங்கிலத்துட் புகுந்தது. அரசைக் குறிக்கும் ஸ்டேட் என்னும் சொல்லும் அதன் உடன்பிறப்பே. தோட்டத்துரை எஸ்டேட் என்றால் அது சொத்து; தோட்டத்துப் பிள்ளை இஸ்கூல் என்றால் அது குறை.

யகர வகரங்களின் நிலையும் வேறன்று. ஒன்றைக் குறிக்கும் ஆங்கில எண்ணுப்பெயரை எழுத்துக் கூட்டினால் உயிரெழுத்திலேயே அது தொடங்குகின்றது. பழைய ஆங்கிலத்திலும் அங்ஙனமே தொடங்கிற்று. இடைக்காலத்து வட்டார வழக்கொன்றில் அதன் முன் வகரம் தோன்றி, பின்னர் அதுவே நாடெங்கும் சரியான உச்சரிப்பாக நிலைபெற்றது. இன்று அரசரும் அவ்வகரத்தோடுதான் எண்ணத் தொடங்குகின்றார். வொன்லி என்பவருடைய வகரமோ அரசவைக்குச் செல்லும் வாய்ப்புப் பெறாத வகரம், அவ்வளவே வேறுபாடு.

இவ்விடத்தில் நியாயமான தடையொன்று எழும். உச்சரிப்புப் பேதத்தாற் பொருள் மயங்குமாயின் அதனைத் திருத்துதல் வேண்டாவா என்பது அது. வேண்டும். தமிழில் இதழும் பல்லும் கூடி அதிர்வின்றிப் பிறக்கும் ஒலி இல்லாமையால் விசிறியும் சட்டியும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக மயங்கக்கூடும். விரிந்த ஓகாரத்தைக் குவித்தொலித்தால் மண்டபமும் துளையும் மயங்கக்கூடும். இவை பொருள் வேறுபடுத்தும் ஒலிகள். இவற்றைப் பயிற்றுதல் ஆசிரியர் கடமை. ஆனால் இஸ்கூல் என்பதையோ யெம் என்பதையோ கேட்டு எவரும் எப்போதும் பொருள் மயங்கியதில்லை. அவ்வாறிருந்தும் நகைப்பு இவற்றின் மீதே கூடுதலாக விழுகின்றது. நகைப்பவரின் நோக்கம் விளங்கிக்கொள்ளுதல் அன்று, வேறுபடுத்துதல் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. பொருள் வேறுபாட்டையும் மதிப்பு வேறுபாட்டையும் பிரித்தறிதலே இத்துறையிற் சிந்திப்போரின் முதற்பணி.

இனி, நாவுக்கு நகைப்பு ஒருபக்கமாகவே விதிக்கப்பட்டு வந்ததையும் நோக்குதல் தகும். திருகோணமலை என்பதனை ஐரோப்பியர் டிரிங்கோமலி ஆக்கினர். 1817இல் பம்பாயிற் கட்டப்பட்ட பிரித்தானியப் போர்க்கப்பல் ஒன்று அப்பிழைபட்ட ஒலியையே பெயராகச் சுமந்து கடலோடியது. யாழ்ப்பாணம் ஜஃப்னா ஆயிற்று. மட்டக்களப்பு பற்றிக்கலோ ஆயிற்று. தூத்துக்குடி டூட்டிக்கொரின் ஆயிற்று. எமது ஊர்ப்பெயர்களை உச்சரிக்க இயலாத நாவுகள் இவ்வாறு திரித்தபோது அவற்றை எவரும் கல்லா நாவுகள் என்றாரில்லர்; திரிபுகளே தேசப்படத்தில் ஏறின. தமிழ்நாட்டு அரசு 2020 யூனில் 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு இயைய மாற்றும் ஆணையைப் பிறப்பித்துச் சில நாட்களிலேயே மீளப் பெற்றுக்கொண்டது. அதிகாரம் செய்த பிழையைத் திருத்துவது அத்துணை அரிது.

இதற்கு நேர்மாறாக, பிறமொழி ஒலியைத் தன் ஒலியாக்கிப் பொருளும் ஏற்றிக்கொள்ளும் ஆற்றல் தமிழுக்கு உண்டு. விபுலாநந்த அடிகள் ஷேக்ஸ்பியரைச் செகசிற்பியார் என அழைத்தார். செகம் என்பது உலகு. உலகைச் செதுக்கிய சிற்பி என்று அப்பெயர் தமிழிற் பொருள் பெற்றது. மதங்க சூளாமணி 1926இல் வெளிவந்தது. இராமகிருஷ்ண சங்கத்தின் சார்பில் திருகோணமலை இந்துக் கல்லூரியிற் பணிபுரிந்தவரும் அவரே. ஆங்கிலமும் விஞ்ஞானமும் ஐயந்திரிபறக் கற்ற அடிகளை ஷேக்ஸ்பியர் எனச் சொல்லத் தெரியாதவர் என எவரும் கூறத் துணியார். உவர்மலை என்னும் பெயரிலோ இன்ன புலவர் செய்தார் என்ற பெருமை இல்லை. ஆயினும் ஓர்ஸ் என்னும் ஒலியின் அருகே உவர் என்னும் ஒலி நிற்பதும் செகசிற்பியார் என்னும் ஆக்கமும் ஒரே மொழியுணர்வுக்கு இசைந்தவை. அறிஞர் செய்தால் ஆக்கம், பாமரர் செய்தால் சிதைவு என்னும் இரட்டை அளவுகோலைக் கைவிட்டாலன்றி இவ்வுண்மை புலப்படாது.

இவையனைத்தும் வெறும் நகைப்புப் பற்றியன. இவற்றுக்கு இத்துணை ஆராய்ச்சி எதற்கு என ஒருவர் வினவலாம். உச்சரிப்பைக் கொண்டு மனிதரைத் தரம் பிரிக்கும் பழக்கம் எங்கே சென்று முடியும் என்பதனை வரலாறு காட்டியுள்ளது. யோர்தான் ஆற்றுத்துறையிலே ஷிபோலெத் என்னும் சொல்லைச் சிபோலெத் என மொழிந்த எப்பிராயீமியர் கொல்லப்பட்ட செய்தி விவிலியத்தில் நியாயாதிபதிகள் ஆகமத்தில் உள்ளது. தொலைநாட்டுப் பழங்கதையென்று அதனை ஒதுக்கிவிட இலங்கையரால் இயலாது. 1983 யூலையில் வாகனங்களை மறித்த கும்பல்கள், வாளியைக் குறிக்கும் பால்திய என்னும் சிங்களச் சொல்லைப் பயணிகளிடம் சொல்லுமாறு கேட்டன. சொன்முதலில் அதிர்வுடைய பகரம் தமிழுக்கு இயல்பன்று. அவ்வோரொலி உயிருக்கு விலையாயிற்று. வரவேற்பறையின் ஏளனமும் வீதியின் கொலையும் ஒன்றெனல் பொருந்தாது. அங்ஙனம் கூறுதல் இறந்தோர்க்குச் செய்யும் அவமதிப்பு. எனினும் இரண்டுக்கும் அடியில் நிற்கும் வினா ஒன்றே: இவன் நம்மவனா? அவ்வினாவை நாவின்மீது தொடுக்கப் பழகிய சமுதாயம் அதனை எங்கே நிறுத்துவதென அறிந்திருப்பதில்லை.

அப்படியாயின் உச்சரிப்பைப் பற்றிக் கவலாது விட்டுவிடலாமா? அதுவும் எளிய விடையன்று. பேர்னாட் ஷாவின் பிக்மாலியன் நாடகம் 1913இல் வியன்னாவிலும் 1914இல் இலண்டனிலும் அரங்கேறியது. தெருவிற் பூ விற்கும் பெண்ணொருத்தி ஒலியியல் அறிஞரிடம் சில மாதங்கள் பயின்று சீமாட்டியாக ஏற்கப்படுகின்றாள். உயர்குடி உச்சரிப்பு பிறப்பால் வருவதன்று, பயிற்சியால் வருவது என்பதை நிறுவியதோடு பலர் அந்நாடகத்தின் பொருளை முடித்துவிடுவர். ஆனால் அதன் வலிமிகுந்த பகுதி அதற்குப் பின்னரே வருகின்றது. பழைய தெருவுக்கும் திரும்ப முடியாமல், புதிய மாளிகையிலும் வாழ வழியின்றி அவள் நிற்கின்றாள். உச்சரிப்பை ஊட்டிய அறிஞருக்கு அவளுடைய வாழ்வைப் பற்றிய அக்கறை இல்லை. ஒலியை மட்டும் மாற்றி நிலையை மாற்றாத கல்வியின் கொடுமையை அந்நாடகம் காட்டுகின்றது.

இலங்கையில் 2009ஆம் ஆண்டு ஆங்கிலத்துக்கும் தகவல் தொழினுட்பத்துக்கும் உரிய ஆண்டாகப் பிரகடனப்படுத்தப்பட்டு, ஆங்கிலத்தை நமது வழியிற் பேசுவோம் என்னும் கருத்து முன்வைக்கப்பட்டது. அச்சத்தைப் போக்கும் அளவில் அது வரவேற்கத்தக்கதே. ஆயினும் நமது என்னும் சொல்லுக்குள் யார் அடங்குவர் என்ற வினா அங்கும் விடையின்றி நின்றது. ஏழை மாணவருக்கு நமது வழி, செல்வர் பிள்ளைகளுக்குச் சர்வதேசப் பாடசாலை என்னும் பிரிவினை நீடிக்குமாயின், நேர்முகத் தேர்வின் மேசைக்கு அப்பால் அமர்ந்திருப்பவர் பின்னவராகவே இருப்பார். உச்சரிப்புப் பொருட்டன்று என்று உவர்மலை மாணவருக்குப் போதித்து அனுப்பிவிட்டு, பொருட்டென்று கருதுவோரை அதிகாரத்தில் இருத்திவைத்தல் அவருக்குச் செய்யும் வஞ்சகமாகும். எனவே கடமை இருமுனைப்பட்டது. பொருள் வேறுபடுத்தும் ஒலிகளை எல்லாப் பாடசாலைகளிலும் பயிற்றுதல் ஒன்று; ஏனைய பேதங்களைக் கொண்டு அறிவை அளக்கும் வழக்கத்தை அளப்போரிடமிருந்தே களைதல் மற்றொன்று. இரண்டாவதை மறந்து முதலாவதை மட்டும் செய்தால் அது பூக்காரியை மாளிகை வாசலில் நிறுத்தும் செயலாகவே முடியும்.

இறுதியாக, தமிழ்ச் சமுதாயம் தன்னையும் இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்த்தல் வேண்டும். வழக்கு என்பது உயர்ந்தோரைச் சார்ந்தது எனத் தொல்காப்பிய மரபியல் கூறுகின்றது. அவ்வுயர்ந்தோர் யாரென்பதை ஒவ்வொரு காலத்தின் மேட்டுக்குடியும் தனக்குச் சாதகமாகவே விளங்கிக்கொண்டுள்ளது. ஆங்கில ஹகரத்துக்காக நாணி நின்றவரே தமிழ் மேடையில் ழகரத்தைக் கையிலெடுத்துக் கொள்கின்றார். ஈழத்துப் பேச்சுத்தமிழில் ழகரம் பெரும்பாலும் ளகரத்தோடு ஒன்றிவிட்டது என்பதை மறந்து, மேடையில் அதனைத் தவறவிடும் மாணவரைத் தமிழறியாதவர் என்கின்றார். மட்டக்களப்பார் பேச்சும் மலையகத்தார் பேச்சும் முஸ்லிம் மக்கள் பேச்சும் நாடகங்களில் நகைச்சுவைப் பாத்திரங்களுக்கு ஒதுக்கப்பட்டு வந்தமையும் இவ்வகையினதே. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1940இல் வெளியிட்ட நானாடகத்தில் யாழ்ப்பாணப் பேச்சுமொழியை உள்ளவாறே அரங்கேற்றி வழிகாட்டினார். இலண்டனிற் பயின்று திரும்பிய அவ்வறிஞர், செவிமடுப்பதற்கும் தீர்ப்பளிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அறிந்திருந்தார். அவ்வழி இன்னும் எல்லாப் பிரதேசத்துத் தமிழுக்கும் திறந்துவிடப்படவில்லை.

ஓர்ஸ் ஹில் என்பதும் உவர்மலை என்பதும் ஒரே மேட்டின் பெயர்கள். முன்னதைப் பிழையறச் சொல்ல வல்லவர் அதனாற் பின்னதில் வாழ்வோரைவிட உயர்ந்தவராகார். பின்னதைச் சொல்லி நிறைவுறுபவருக்கு முன்னதன் பயனை மறுப்பதும் முறையன்று. அங்கே பாடசாலைக்குச் செல்லும் பிள்ளை இரு பெயர்களையும் கற்றுக்கொள்ளட்டும். ஆனால் ஒன்றைச் சொல்லும்போது நிமிர்ந்தும் மற்றொன்றைச் சொல்லும்போது குனிந்தும் நிற்குமாறு அப்பிள்ளைக்குக் கற்பிப்பவர் எவராயினும், அவர் மொழியைக் கற்பிப்பவரல்லர், வர்க்கத்தையே கற்பிக்கின்றார்.